நீரில் இறங்குமுன் நல்ல உறக்கம்

வங்கிப் பணியாளர் இல்லங்களில் விடுப்புப் பயணச் சலுகை என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருவிழா. எங்கே செல்வது, எத்தனை நாள் தங்குவது, விமானமா இரயிலா என்று மாதக்கணக்கில் பேசுவோம். எங்கே உறங்குவது என்பதை மட்டும் கடைசி வாரத்தில், அலைபேசிக்கு வந்த நான்கு புகைப்படங்களைப் பார்த்து முடிவு செய்துவிடுவோம். மற்ற பயணங்களில் இதனால் பெருங்கேடு ஒன்றும் நேர்ந்துவிடாது. ஆனால், ஆற்றிலோ ஏரியிலோ மூழ்கி நீருக்கடியில் பார்க்கச் செல்லும் பயணத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. கரையில் நாம் கழிக்கப்போகும் இரவு அமைதியானதா என்பதே அங்கு முதற்கேள்வி. இதை நாங்கள் நூல்களில் படித்து அறியவில்லை. மேகாலயத்தின் ஓர் ஆற்றங்கரையில், தவறு ஒன்றைச் செய்ய இருந்த வேளையில் கற்றுக்கொண்டோம்.

உம்ங்கோட் ஆற்றைப் புகைப்படத்திலேனும் பார்க்காதவர் இன்று குறைவு. படகு காற்றில் மிதப்பதுபோலவும், அதன் நிழல் கீழே கூழாங்கற்களின்மேல் விழுவதுபோலவும் காட்டும் படங்கள் பெரும்பாலும் இங்கே எடுக்கப்பட்டவை. ஷில்லாங் பீடபூமியிலிருந்து தெற்கே பாய்ந்து, காசி மலைக்கும் ஜைந்தியா மலைக்கும் எல்லையாக நின்று, டாவ்கி என்னும் சிற்றூரைக் கடந்து வங்கதேசத்துள் நுழையும் ஆறு அது. டாவ்கியில் 1932இல் கட்டப்பட்ட தொங்குபாலம் இன்றும் உள்ளது. அங்கிருந்து ஆற்றின் போக்குக்கு எதிராகச் சில கிலோமீட்டர் சென்றால் ஷ்னோங்ப்டெங் என்னும் கிராமம். படகு, முகமூடியணிந்து நீர்ப்பரப்பில் மிதந்து பார்த்தல், காற்று உருளையுடன் ஸ்கூபா மூழ்கல் ஆகியவற்றுக்காகவே பயணிகள் அங்கே கூடுகிறார்கள். மழைக்காலத்தில் கலங்கிப் பெருகும் ஆறு, நவம்பர் தொடங்கி வேனில் முற்றும்வரை கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்.

நாங்கள் நால்வர், ஒரே வட்டார அலுவலகத்தில் பணிபுரிபவர்கள். முந்தைய சலுகையில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், இன்றைய சுவராஜ் தீவில், கடலில் மூழ்கிப் பார்த்திருந்தோம். அந்தத் துணிவில் இம்முறை நன்னீரைத் தேர்ந்தெடுத்தோம். கடலுக்கும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இறங்கிய உடனேயே உடல் உணர்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே கடலில் உடலை அமிழ்த்தக் கட்டிக்கொண்ட ஈயக் கட்டிகளை அப்படியே ஆற்றிலும் கட்டிக்கொண்டால் தேவைக்கு மேல் அமிழ்ந்துபோவோம். பயிற்றுநர் எங்கள் இடுப்புப் பட்டைகளிலிருந்து இரண்டு மூன்று கிலோ எடையைக் கழற்றி வைத்தார். ஆற்றின் மடுக்களில் இறங்கியபோது கண்ட தெளிவை எழுத்தில் கொண்டுவருவது அரிது. அதை எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று.

நோக்கம் இரவைப் பற்றியது. நாங்கள் சென்றடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை, டிசம்பர் மாதம். வடகிழக்கில் டிசம்பரில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறான் என்பதைத் தென்னாட்டவர் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. நாலரைக்கு இருட்டிவிட்டால் உறங்கும்வரை ஐந்தாறு மணி நேரம் ஆற்றங்கரையில் வேறு வேலை இல்லை. அந்த வெற்றிடத்தை ஒலிபெருக்கி நிரப்பிக்கொள்கிறது. எங்கள் முகாமில் பாட்டு இல்லை. எதிர்க்கரை முகாமில் இருந்தது. நடுவில் ஆறுதானே இருக்கிறது என்று எண்ணினோம். ஆனால் ஆறு ஒலியைத் தடுப்பதில்லை, கடத்துகிறது. குளிர்ந்த நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கும் இரவுகளில், மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் கீழேயே வருகிறது. இருபுறமும் பாறைச்சுவர் நிற்கும் பள்ளத்தாக்கில் எதிரொலியும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குமேல்தான் கண்ணயர்ந்தோம்.

மறுநாள் காலை எங்களில் ஒருவர் தலைவலியோடு எழுந்தார். நீரில் இறங்கிய சிறிது நேரத்திலேயே மேலே வரவேண்டும் என்று சைகை காட்டினார். பயிற்றுநர் அவரைக் கரையேற்றி, அன்று முழுவதும் இறங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். உறக்கமின்மை, களைப்பு, உடலில் நீர் குறைதல், முந்தைய இரவின் மது ஆகியவை மூழ்குவோர்க்கு ஆகாதவை என்று பயிற்சியின்போதே சொல்லித் தருகிறார்கள். நம் நண்பர் மது அருந்துபவர் அல்லர். எதிர்க்கரையின் ஒலிபெருக்கி ஒன்றே அவருடைய அந்த நாளைப் பறித்துக்கொண்டது. மற்ற மூவரும் காலையில் ஒருமுறையும், உணவுக்குமுன் ஒருமுறையுமாக இறங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குக் கரையேறினோம்.

மாலை ஐந்து மணிக்கு எதிர்க்கரையில் மீண்டும் பாட்டு தொடங்கியது. அன்று சனிக்கிழமை; முந்தைய நாளைவிடக் கூட்டம் அதிகம். இன்னொரு இரவை இப்படிக் கழிக்க இயலாது. மூட்டை கட்டிக்கொண்டு ஷில்லாங்குக்கே போய்விடலாம், மூன்று மணி நேரப் பயணம்தான், விடுதியில் நிம்மதியாக உறங்கலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். வாடகை வண்டிக்கும் சொல்லியாயிற்று. உடைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்த பயிற்றுநர், எங்கள் பைகளைப் பார்த்து எங்கே புறப்படுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். “இன்றிரவு மலை ஏறாதீர்கள் சார்,” என்றார் அவர்; “கோபம் எங்கள் ஊர்மீது இருக்கட்டும், உடம்பை ஏன் வருத்துகிறீர்கள்?”

அவர் சொன்ன காரணம் எளியது. நீருக்கடியில் அழுத்தம் மிகுதி. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்துவிடுகிறது. கரையேறிய பின் அது பல மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்கு நாம் சென்றால், சோடா புட்டியைத் திறந்ததும் குமிழி கிளம்புவதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுவலி முதல் நரம்புப் பாதிப்புவரை அதன் விளைவுகள் உள்ளன. மூழ்கிய பின் உடனே விமானம் ஏறக் கூடாது என்பதை அந்தமானிலேயே கேட்டிருந்தோம். ஒருமுறை மட்டும் மூழ்கினால் 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது உலகளாவிய மூழ்குவோர் பாதுகாப்பு அமைப்புகளின் பரிந்துரை. ஆனால் மலைப்பாதையும் ஒருவகையில் விமானம்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பரிந்துரை ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களை மனத்திற்கொண்டது. ஷில்லாங் இருப்பதோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில். சமவெளியோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு.

நாங்கள் சென்ற ஆழம் பெரிதன்று. ஆபத்தின் அளவும் பெரிதாக இருந்திராது என்று பின்னர் அவரே சொன்னார். ஆயினும் இரண்டுமுறை மூழ்கியவர்களுக்கான கணக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் முடிகிறது. இரவில் வண்டியில் யாருக்கேனும் வலி தோன்றினால் திரும்புவதா, ஏறுவதா என்பதே குழப்பமாகியிருக்கும். பெரிய மருத்துவமனை மேலே இருக்கிறது. உடலுக்கு ஏற்ற காற்றழுத்தம் கீழே இருக்கிறது. இச்சிக்கலில் நாங்கள் ஏறக்குறைய மாட்டியிருந்தோம். எங்களை அதில் தள்ள இருந்தது ஆறோ மலையோ அன்று. தவறாகத் தேர்ந்தெடுத்த முகாம்.

அமைதியான முகாம் வேண்டும் என்பதை வயதானவர்களின் விருப்பம் என்றோ, வசதி படைத்தவர்களின் நாகரிகம் என்றோ தள்ளிவிடக் கூடாது என நாம் சொல்வது இதனால்தான். மலைநாட்டு நன்னீரில் மூழ்குபவர் அன்றிரவு நீர்க்கரையிலேயே தங்கியாக வேண்டும். தங்கும் இடம் உறங்க முடியாததாக இருந்தால், ஒன்று களைப்போடு மறுநாள் நீரில் இறங்குவார்; அல்லது இறங்கிய உடலோடு இரவில் மலை ஏறுவார். இரண்டும் தவறு. கடலோரப் பயணத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே எந்த விடுதிக்கு மாறினாலும் கடல் மட்டத்திலேயே இருக்கிறோம்.

அவ்வாறாயின் முகாமை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடன் கேட்டு வருபவரின் தொழிலிடத்தை நேரில் பாராமல் நம் வங்கிகள் ஒப்புதல் அளிப்பதில்லை. ஆற்றங்கரை முகாமை முன்கூட்டி நேரில் சென்று பார்க்க எல்லோராலும் இயலாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்கலாம்.

முதலாவது, எதிர்க்கரையில் என்ன இருக்கிறது? நம் முகாமின் விதிகளை மட்டும் விசாரித்ததே நாங்கள் செய்த பிழை. ஆற்றங்கரையில் அண்டை வீட்டார் பக்கத்தில் இருப்பவர் மட்டுமல்லர், எதிரே இருப்பவரும்தான். ஆறு வளைந்து திரும்பும் இடத்துக்கு அப்பால் உள்ள முகாமாயின் நடுவிலுள்ள குன்றே ஒலியைத் தடுத்துவிடும். அருகில் நீர் பாறையில் மோதி ஓடும் இடம் இருப்பின் அதன் ஓசை மற்ற ஓசைகளை மறைத்துவிடும். அந்த ஓசையில் உறங்க முடியும்.

இரண்டாவது, எந்த நாளில் செல்கிறோம்? வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்துத் திங்கள் முதல் வியாழன்வரை செல்வோருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. விடுப்பு எடுத்துச் செல்லும் நமக்கு வார இறுதியே வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த நாளில் பெருங்குழு ஏதேனும் முன்பதிவு செய்துள்ளதா என்றும் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும்? இதற்கு முகாம் உரிமையாளரின் பெருந்தன்மையை நம்பியிருக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவில் 45 டெசிபல் என்ற வரம்பும் அவ்விதிகளில் உண்டு. நாம் கேட்பது சலுகை அன்று என்பதை உணர்ந்து கேட்டால் குரலில் தயக்கம் இராது. ஜெனரேட்டர் உண்டா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் உடன் கேட்க வேண்டும். மூழ்குவோருக்கு அது ஒலியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசர் அதே முகாமில் இருந்து, ஜெனரேட்டர் புகையோ விறகுப்புகையோ அதன் வாயருகே சென்றால், அந்த நச்சுக்காற்றையே நீருக்கடியில் நாம் சுவாசிப்போம்.

நான்காவது, வெள்ளம் எதுவரை வரும்? அமைதியைத் தேடுவோர் கூட்டத்திலிருந்து விலகி நீருக்கு மிக அருகில், மணல்திட்டில் கூடாரமடிக்க ஆசைப்படுவர். உலகிலேயே மிகுதியாக மழை பெறும் சிரபுஞ்சி, மௌசின்ராம் பகுதிகளுக்கு அண்டையில் பாயும் ஆறு இது. கரையோரப் புதர்களிலும் மரக்கிளைகளிலும் சிக்கிக் காய்ந்து கிடக்கும் சருகும் குப்பையும் கடைசி வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும். கூடாரம் அதற்கு மேலே இருக்க வேண்டும். அணை கட்டப்பட்ட ஆறுகளில் மழையே இல்லாத நாளிலும் நீர் உயரலாம். 2014 ஜூனில் இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா சென்ற 24 மாணவர்கள் உயிரிழந்ததை நாடு மறந்திருக்காது.

ஐந்தாவது, வண்டி எவ்வளவு அருகில் வரும்? அமைதி வேறு, தனிமை வேறு. ஓசையே இல்லாத இடம் என்று மகிழ்ந்து, நோயுற்றவரைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை ஆகாது. பயிற்றுநரிடம் முதலுதவிக்கான ஆக்சிஜன் உள்ளதா, அலைபேசி இணைப்பு எங்கே கிடைக்கும் என்பவற்றை முதல் நாளே அறிந்துகொள்வது நன்று.

வங்கியாளர் என்ற முறையில் மேலும் சில சொற்கள். முன்பணமாக ஒரு பகுதியை மட்டும் செலுத்துங்கள். “இரவு பத்துக்குப் பின் பாட்டு இல்லை” என்பது போன்ற உறுதிகளைக் குறுஞ்செய்தியாகவேனும் எழுத்தில் பெறுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விலக்குகளை ஒருமுறை படியுங்கள். சாகச விளையாட்டுகளையும் ஸ்கூபா மூழ்கலையும் விலக்கி வைத்திருக்கும் ஒப்பந்தங்கள் உள்ளன. தேவையெனில் கூடுதல் பிரீமியம் செலுத்தி அவற்றைச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று கேளுங்கள். மலைப்பள்ளத்தாக்குகளில் இணைய இணைப்பை நம்ப முடியாதாகையால், யுபிஐ வசதி இருந்தாலும் இரண்டு நாள் செலவுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும்.

நம் கருத்துக்கு மறுப்பும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. இளைஞர்கள் விடுமுறையில் பாடி ஆடுவது குற்றமா என்று கேட்பார்கள். ஆற்றங்கரைக் கிராமத்தாருக்குக் கூட்டம்தானே வருமானம் என்றும் கேட்பார்கள். ஆடுவது குற்றமன்று, எல்லா ஆற்றங்கரையும் எல்லா இரவும் ஆடுகளமாக வேண்டியதில்லை என்பதே நாம் சொல்வது. வருமானத்தைப் பொறுத்தவரை, நீண்டகாலக் கணக்கையும் பார்க்க வேண்டும். ரிஷிகேஷ் அருகே கங்கைக்கரையில் முகாம்கள் கட்டுப்பாடின்றிப் பெருகியபின், 2015 டிசம்பரில் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரையிலான கரைமுகாம்களுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. அளவோடு நடத்தியவர்களும் அளவு மீறியவர்களோடு சேர்ந்தே இழப்புக்கு உள்ளாயினர். மேகாலயத்தின் ஊர்களில் ‘தொர்பார் ஷ்னோங்’ என்னும் ஊர்ச்சபை மரபு இன்றும் உயிரோடு உள்ளது. ஊரைத் தூய்மையாக வைப்பதில் அந்தச் சபைகள் காட்டும் உறுதியை நாங்கள் நேரில் பார்த்தோம். குப்பைக்கு விதி வகுக்க முடிந்தவர்களால் ஓசைக்கும் விதி வகுக்க முடியும். ஆனால் அதைக் கேட்பவர்களாகப் பயணிகள் நாம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்காத எதையும் எந்தத் தொழிலும் தானாகத் தருவதில்லை என்பதை வங்கி முகப்பில் அமர்ந்திருக்கும் நாங்கள் நன்கு அறிவோம்.

கேட்பவருக்குக் கடமையும் உண்டு. அமைதியை விரும்பும் நாம் நம் அலைபேசிப் பாட்டையும் அணைக்க வேண்டும். எந்தத் தெளிவைக் காணச் சென்றோமோ அந்த நீரில் சோப்பு கலக்கக் கூடாது. குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் நீர்க்கரையிலிருந்து 60 மீட்டரேனும் தள்ளியே நிகழ வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை இரவு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லி முடிக்கலாம். பயிற்றுநர் தம் உறவினர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினார். ஆற்றின் வளைவுக்கு அப்பால், சிறு பாக்குத்தோட்டத்தின் ஓரத்தில் அவருக்கு நான்கே கூடாரங்கள் இருந்தன. வண்டி அருகிலேயே வந்தது. எங்கள் முதல் முகாமைவிட வாடகையும் குறைவு. எட்டு மணிக்குப் படுத்தோம். எதிர்க்கரையில் இருட்டும், கீழே கற்களில் நீர் ஓடும் ஓசையும் மட்டுமே இருந்தன. காலையில் ஒரு மீனவர் படகைத் தள்ளும் ஒலி கேட்டு விழித்தோம். முந்தைய நாள் தலைவலியோடு கரையில் அமர்ந்திருந்த நண்பர் எல்லோருக்கும் முன்னே எழுந்து, தேநீர்க் குவளையோடு நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியத்துக்குமேல் ஷில்லாங் புறப்பட்டபோது, தாம் மட்டும் ஆற்றை முழுமையாகப் பார்க்கவில்லை என்று அவர் ஒருமுறைதான் சொன்னார். மீண்டும் செல்வதாக இருக்கிறோம். இம்முறை முதலில் தொலைபேசியில் அழைக்கப்போவது அந்தப் பாக்குத்தோட்டத்துக்காரரைத்தான். பயணச்சீட்டு அதன் பிறகே.